நெல் அளக்கும் கைகளுக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகையின் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுதுகிறவர்களுக்கும், ஈரம் பார்க்கிறவர்களுக்கும், மூட்டை தூக்குகிறவர்களுக்கும், களத்துக்கே லாரி கொண்டுவந்து நெல் வாங்கும் வியாபாரிகளுக்கும், கூலிக்கு ஆள் வைத்துச் சாகுபடி செய்யும் என்னைப் போன்ற விவசாயிகளுக்கும் இந்த மடல்.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். திருவையாறுக்குப் பக்கத்தில் சில மா நிலம் இருக்கிறது. குறுவையும் தாளடியும் போடுகிறேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் வாழ்ந்த ஒருவர் தானியம் அளப்பதைப் பற்றி எழுதியதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வெகு நாட்களாக எண்ணம். நல்வாழ்வு எது, அறம் எது என்று தேடிய ரோமானியர்களின் சிந்தனை நம் களத்துமேட்டுக்கு எவ்வளவு நெருக்கமானது என்பது தெரிந்தால் நீங்களும் வியப்பீர்கள்.

இப்போது ரோமானிய ஞானம் என்றாலே மார்க்கஸ் அரேலியஸ் என்ற பேரரசரின் பெயரைத்தான் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகள் கைப்பேசியில் தினம் ஒன்றாக வருகின்றன. கோபத்தை அடக்கு, நடப்பதை ஏற்றுக்கொள், உன் கையில் இல்லாததற்காக வருந்தாதே என்கின்றன அவை. நல்ல பேச்சுதான். ஆனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டால், கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவைத்த நெல் ஐப்பசி மழையில் நனைந்து முளைவிட்டு நிற்கும்போது, அந்த விவசாயிக்கு நாம் சொல்லக்கூடியது "பொறுத்துக்கொள்" என்ற ஒரு வார்த்தைதான். ரோமின் அறம் அங்கே முடிந்துவிடவில்லை. விவசாயியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாமல், அவன் தானியத்தில் கைவைத்தவனை நீதிமன்றத்தில் நிறுத்திய ரோமானியரும் உண்டு. மார்க்கஸ் துல்லியஸ் சிசரோ அவர் பெயர்.

கதை சிசிலித் தீவில் நடக்கிறது. தஞ்சாவூரைத் தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் என்கிறோம். அன்று ரோமின் தானியக் களஞ்சியம் சிசிலி. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு ரோமுக்கு வரி. அதை வசூலிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தவர்கள் களத்துக்கு வந்து வாங்கிப் போவார்கள். சைரக்யூஸை முன்பு ஆண்ட ஹியரோன் மன்னன் பெயரில் ஒரு பழைய சட்டம் இருந்தது. விவசாயியும் வரி வாங்குபவனும் எவ்வளவு என்று பேசி எழுதிக்கொள்ள வேண்டும். அவனும் இவனை ஏய்க்க முடியாது, இவனும் அவனை ஏய்க்க முடியாது. கி.மு. 73 முதல் 71 வரை அங்கே ஆளுநராக இருந்த கையுஸ் வெர்ரெஸ் இதைத் தலைகீழாக்கினான். வரி வாங்குபவன் எவ்வளவு கேட்கிறானோ அவ்வளவையும் விவசாயி முதலில் கொடுத்துவிட வேண்டும், அநியாயம் என்றால் பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டான். பேசி முடிக்கும்வரை களத்திலிருந்து தானியத்தை எடுக்கக் கூடாது என்றும் சொன்னான். களத்தில் தானியத்தைக் கொட்டிவைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருப்பது எப்படிப்பட்ட நிலை என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

முர்கந்தியா என்ற ஊரில் பொலமார்க்கஸ் என்று ஒரு விவசாயி. ஊரில் நல்ல பெயர் உள்ள மனிதர். அவருடைய நிலம் நம் கணக்கில் முப்பது ஏக்கருக்குச் சற்று மேல். அதற்கு வரியாக 700 மெதிம்னம் தானியம் கேட்டார்கள். மெதிம்னம் என்பது அவர்களுடைய அளவு. அந்த நிலத்தின் மொத்த விளைச்சலே, தெய்வம் கண் திறந்த ஆண்டில்கூட, 500 மெதிம்னத்தைத் தாண்டாது. பத்தில் ஒரு பங்கு என்ற பெயரில் விளைந்ததற்கும் மேலாகக் கேட்டால் மனிதன் என்ன செய்வான்? முடியாது என்றார். ஆளுநர் இன்னும் படுக்கையைவிட்டு எழவில்லை. அந்த அறைக்கே அவரை இழுத்துப் போனார்கள். அங்கே குத்தும் உதையும். 700 கொடுக்க மறுத்தவர் அடி தாங்காமல் 1,000 தருவதாக ஒப்புக்கொண்டார்.

சிசரோ அதற்கு முன்பு, கி.மு. 75இல், சிசிலியின் மேற்கு ஓரத்தில் நிதி அதிகாரியாக இருந்தவர். அவர் பதவியில் இருந்த காலத்தில் நேர்மையாக நடந்தார் என்பது அந்த மக்களுக்கு நினைவிருந்தது. அவரிடமே போனார்கள். அவர் வழக்கை ஏற்றுக்கொண்டு, தீவு முழுக்க 50 நாட்கள் சுற்றிச் சாட்சியும் கணக்கும் திரட்டினார். கி.மு. 70 ஆகஸ்டில் ரோமில் வழக்கு தொடங்கியது. சாட்சிகள் வரிசையாக வந்து பேசத் தொடங்கியதும் வெர்ரெஸ் ஊரைவிட்டே ஓடி, இன்று மார்சேய் எனப்படும் நகரத்தில் தஞ்சம் புகுந்தான். இரண்டாம் சுற்றுக்காகத் தயாரித்திருந்த ஐந்து உரைகளைப் பேசுவதற்கு சிசரோவுக்கு வாய்ப்பே வரவில்லை. ஆனாலும் அவற்றை எழுதி வெளியிட்டார். அவற்றில் மூன்றாவது உரை முழுக்க முழுக்கத் தானியம் பற்றியது. உலக இலக்கியத்தில் கொள்முதல் ஊழலைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட இன்னொரு பழைய நூலை நான் படித்ததில்லை.

அந்த உரையில் வரும் சில வழிகளைச் சொல்கிறேன். ஊர்க்காரர்கள் கொண்டுவந்த தானியம் தரமில்லை என்று ஒதுக்கினார்கள். ஒதுக்கிவிட்டு, தானியத்துக்குப் பதிலாகப் பணமாகக் கொடு என்றார்கள். சந்தையில் ஒரு மோதியஸ் அளவு கோதுமை இரண்டு செஸ்டர்ஸ் காசு, மிஞ்சினால் மூன்று. ஆளுநர் வீட்டுச் செலவுக்கான தானியத்துக்கு ஈடாக வெர்ரெஸ் விவசாயியிடம் கேட்டது 12 செஸ்டர்ஸ். அரசு விலை கொடுத்து வாங்கும் தானியத்துக்குப் பணம் பட்டுவாடா செய்யும்போது அதிலும் பிடித்தம். நாணயம் பார்த்ததற்கு ஒரு பிடித்தம், காசு மாற்றியதற்கு ஒரு பிடித்தம், கணக்கெழுதிய மெழுகுக்கு ஒரு பிடித்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்தர் பங்கு என்று மொத்தத் தொகையில் ஐம்பதில் இரண்டு. அதாவது நூற்றுக்கு நான்கு.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2025 செப்டம்பரில் தொடங்கிய கொள்முதலில் பொது ரக நெல்லுக்கு ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. ஒரு சிப்பம் 40 கிலோ. பொது ரகம் ஒரு சிப்பத்துக்கு விலை ஆயிரம் ரூபாய். மூட்டைக்கு நாற்பது ரூபாய் கேட்கிறார்கள், சில இடங்களில் அதற்கு மேலும் கேட்கிறார்கள் என்று விவசாயிகள் குறைதீர்க் கூட்டங்களில் ஆண்டுதோறும் சொல்லி வருவது உங்களுக்குத் தெரியும். ஆயிரத்துக்கு நாற்பது என்றால் நூற்றுக்கு நான்கு. வெர்ரெஸின் எழுத்தர் எடுத்த அதே பங்கு!

அந்தப் பணம் கைமாறும் சமயம் எப்படி இருக்கும் என்று நானே நின்று பார்த்திருக்கிறேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். ஈரமானியில் ஒரு பிடி நெல்லைப் போடுகிறார்கள். விவசாயி அதற்கு முன்பே நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்திருப்பார். 'கடக்'கென்று உடைந்தால் காய்ச்சல் சரி. அவர் பல் சொன்ன கணக்கும் கருவி சொல்லும் கணக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பதினேழு விழுக்காட்டுக்குள் இருக்கிறது. ஆனால் கருவியைப் படிப்பவர் எண்ணைச் சொல்வதற்கு முன் ஒரு நொடி பேசாமல் இருக்கிறார். விவசாயி அந்த ஒரு நொடியைப் புரிந்துகொண்டு வேட்டி மடிப்பில் கைவிடுகிறார். யாரும் யாரையும் மிரட்டவில்லை. நெல்லுக்கான விலை நேராக வங்கிக் கணக்குக்கு வந்துவிடும், அதில் ஒரு ரூபாய் குறையாது. மடியிலிருந்து போன பணத்துக்குத்தான் ரசீது கிடையாது.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. பருவகாலப் பணியாளர் என்று எடுத்து, சீசன் முடிந்ததும் அனுப்பிவிடுகிறார்கள். சம்பளம் குடும்பம் நடத்தப் போதாது. வாங்கிய நெல்லை ஏற்றிப் போக லாரி வராமல் திறந்தவெளியில் அடுக்கிவைத்திருந்தால் வெயிலில் காய்ந்து எடை குறைகிறது. அந்தக் குறைவை உங்கள் தலையில் கட்டுகிறார்கள். சுமை தூக்குகிற தோழர்களுக்கு மூட்டைக் கூலி மிகக் குறைவு, அது கைக்கு வருவதும் தாமதம். இவை எல்லாம் உண்மை. இவற்றுக்காக நீங்கள் சங்கம் வைத்துப் போராடினால் உங்களோடு உட்கார என்னைப் போன்றவர்கள் வருவோம். ஆனால் அரசு உங்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் களத்தில் வெயிலில் நிற்கிற ஒருவரின் மடியிலிருந்து எடுப்பது எந்தக் கணக்கில் நியாயம்? அவரும் உங்களைப் போலவே மாதம் பிறந்தால் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவர்.

சிசரோ பிடித்தங்களோடு நிற்கவில்லை. லியோன்டினி வட்டாரத்தில் வெர்ரெஸ் வந்த முதல் ஆண்டில் 84 பேர் உழுதார்கள். மூன்றாம் ஆண்டில் 32 பேர். அகிரியம் வட்டாரத்தில் 250 பேர் இருந்த இடத்தில் 80 பேர். போர் செய்யாததை இந்தப் பிடித்தங்கள் செய்துவிட்டன என்பது அவர் வாதம். அவர் வழக்காடுபவர், கொஞ்சம் மிகைப்படுத்தியும் சொல்லியிருப்பார். ஆனால் விதைத்துக் களத்துக்குக் கொண்டுவந்து அளக்கும் இடத்தில் தோற்றுப்போகிறவன் மறுபடி விதைக்க மாட்டான் என்பதற்கு ரோமானியக் கணக்குப் பதிவேடு தேவையில்லை. நம் தெருவில் எத்தனை பேர் இன்னும் தாங்களே உழுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே போதும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று ஏற்கனவே ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அந்த உழக்கிலும் பங்கு கேட்டால் என்ன மிஞ்சும்?

அடுத்ததாக வியாபாரிகளிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

வெர்ரெஸ் வழக்கு நடந்து 26 ஆண்டுகள் கழித்து, கி.மு. 44இல், ஜூலியஸ் சீசர் கொலையுண்ட ஆண்டின் இறுதியில், சிசரோ தன் மகனுக்கு ஒரு நூல் எழுதினார். பையன் ஏதென்ஸில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தான். கடமைகளைப் பற்றிய அந்த நூல் மூன்று பகுதி. முதல் பகுதி எது சரி என்பது. இரண்டாவது எது பயன் தரும் என்பது. சரியானதும் பயன் தருவதும் மோதுவது போலத் தெரியும்போது என்ன செய்வது என்பது மூன்றாவது. சிசரோவின் விடை நேரானது: அவை உண்மையில் மோதுவதில்லை. அடுத்தவனிடமிருந்து பறித்து நாம் வளர்வது சாவையும் வறுமையையும் வலியையும்விட இயற்கைக்கு மாறானது. பக்கத்து உறுப்பின் சத்தை உறிஞ்சினால் தான் தேறலாம் என்று ஒவ்வோர் உறுப்பும் நினைத்தால் உடம்பு முழுவதும் வீழ்ந்துவிடும் என்கிறார். நூல் எழுதிய மறு ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி அவரைக் கொன்றார்கள். மகனுக்கு எழுதிய அந்த நூலே கிட்டத்தட்ட அவருடைய கடைசி வார்த்தை என்று சொல்லலாம்.

அந்த மூன்றாம் பகுதியில்தான் ரோட்ஸ் தீவின் தானிய வியாபாரி வருகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். நல்ல மனிதர் ஒருவர் அலெக்சாண்டிரியாவிலிருந்து கப்பல் நிறையத் தானியம் கொண்டுபோகிறார். போகும் வழியில், தானியம் ஏற்றிய வேறு கப்பல்களும் அதே தீவை நோக்கி வருவதைப் பார்த்துவிட்டார். ரோட்ஸ் மக்களுக்கு அது தெரியாது. அவர்களிடம் அதைச் சொல்ல வேண்டுமா? அல்லது வாயை மூடிக்கொண்டு கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போகலாமா?

தத்துவ ஆசிரியர்கள் இருவரை சிசரோ பேச விடுகிறார். ஒருவர் பாபிலோனைச் சேர்ந்த டியோஜெனஸ். சரக்கில் உள்ள குறையைச் சட்டம் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும், மற்றதைச் சொல்லாமல் இருப்பது ஏமாற்று அல்ல, நான் கொண்டுவந்தேன், விலை சொன்னேன், விற்றேன், இதில் யாருக்கு என்ன கேடு என்கிறார் அவர். அவரிடமே படித்த அந்திபாதர் ஒத்துக்கொள்ளவில்லை. மனிதர்களுக்கு நன்மை செய்யவும் சமூகத்தோடு சேர்ந்து வாழவும் பிறந்தவன் நீ. பட்டினி கிடக்கிறவர்களிடம் பக்கத்தில் உணவு வருகிறது என்பதை மறைப்பாயா என்று கேட்கிறார். இரண்டையும் கேட்டுவிட்டு சிசரோ தீர்ப்புச் சொல்கிறார். பேசாமல் இருப்பதெல்லாம் மறைப்பது ஆகாது. ஆனால் உனக்குத் தெரிந்த ஒன்று அடுத்தவனுக்குத் தெரிந்தால் அவனுக்கு நல்லது என்றும், தெரியாமலிருந்தால் உனக்கு லாபம் என்றும் அறிந்தே வாய் திறக்காமல் இருந்தால் அது மறைப்பதுதான். நேர்மையான மனிதன் அப்படிச் செய்யமாட்டான்.

இதை நம் ஊருக்குக் கொண்டுவருகிறேன். புரட்டாசிக் கடைசி. குறுவை அறுத்தாகிவிட்டது. அறுவடை இயந்திரத்துக்கு மணிக் கணக்கில் வாடகை கொடுத்தாகிவிட்டது. நெல் சாலையோரத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. மேற்கே கருக்கிறது. கொள்முதல் நிலையம் இன்னும் திறக்கவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு லாரியோடு நீங்கள் வருகிறீர்கள். நிலையம் திங்கட்கிழமை திறக்கிறது என்று உங்களுக்குச் சாயங்காலமே போன் வந்துவிட்டது. "சென்டர் எப்போ திறக்கும்னு யாருக்குண்ணே தெரியும்? மழை வேற வருது. இப்பவே போட்டுடுங்க, பணம் கையில." அந்த அண்ணன் போட்டுவிடுகிறார். ஆதார விலைக்குக் கீழே, அறுபது கிலோ மூட்டையில் மேற்கொண்டு இரண்டு கிலோ சேர்த்து. நீங்கள் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்று சட்டம் பேசலாம். டியோஜெனஸ் உங்கள் பக்கம் நிற்பார். அதே நெல் அடுத்த வாரம் வேறு யாருடைய சிட்டா அடங்கலிலோ அதே நிலையத்துக்குள் போகும்போது அவரும் நிற்கமாட்டார்.

எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் ரோமில் தேட வேண்டாம், நம் காவிரி கடலில் கலக்கும் இடத்திலேயே இருக்கிறது.

காவிரிப்பூம்பட்டினத்தில் யவனர் எனப்பட்ட மேற்கத்தியர் வந்து குடியிருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. ரோமானியப் பேரரசிலிருந்து இந்தியாவுக்கு ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் போய்விடுகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பிய காலத்தை ஒட்டிய வணிகம் அது. அந்தத் துறைமுகத்தைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் கரிகாலன் நகரத்தின் செல்வத்தையெல்லாம் அடுக்குகிறார். கப்பலில் வந்த குதிரை, மிளகு, வடமலைப் பொன், தென்கடல் முத்து, கங்கையின் சரக்கு, காவிரியின் விளைச்சல், ஈழத்து உணவு, கடாரத்துப் பொருள். செல்வத்தைப் பாடிவிட்டு நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. அந்த ஊர் வணிகர்கள் தங்கள் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றுபோல் மதித்தார்கள், வாங்கும்போது அளவுக்கு மேல் இழுக்கவில்லை, விற்கும்போது அளவில் பிடிக்கவில்லை, பழிக்கு அஞ்சி மெய்யே பேசினார்கள் என்று அதையும் நகரத்தின் பெருமையாகச் சேர்க்கிறார். குறளிலும் இதே கருத்து நடுவு நிலைமை அதிகாரத்தில் வணிகரை நோக்கிச் சொல்லப்பட்டிருக்கிறது. புகழ்ச்சிப் பாட்டில் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், எதைப் பெருமையாகச் சொன்னால் அந்த ஊர்க்காரன் மகிழ்வான் என்பது அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. கப்பலும் குதிரையும் போலவே சரியான தராசும் அவனுக்குப் பெருமையாக இருந்திருக்கிறது. உலகச் சந்தையில் நின்ற ஊர் அது. சொல்லி விற்று நொடித்துப் போனதாக யாரும் எழுதவில்லை.

இன்னும் ஆயிரம் ஆண்டு தள்ளி வாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் முடிந்தது. அதன் சுவர்க் கல்வெட்டுகளில் நெல் வரும் இடமெல்லாம் எந்த மரக்காலால் அளந்தது என்று எழுதியிருக்கிறது. ஆடவல்லான் என்பது அந்த மரக்காலின் பெயர். பொன் நிறுத்த கல்லுக்கும் அதே பெயர். தில்லையில் ஆடும் இறைவனின் பெயரை அளவுகோலுக்கு வைத்தான் ராஜராஜன். நகைகளைக் குறிக்கும்போது சரடு, அரக்கு சேர்த்த எடையா என்பதுகூட எழுதப்பட்டிருக்கிறது. சாக்கின் எடை அரை கிலோ சொச்சத்துக்கு நாம் எவ்வளவு பிடிக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே அந்தச் சுவரை ஒருமுறை சுற்றி வாருங்கள்.

இங்கே ஒன்றை மறைத்தால் நானும் அந்த ரோட்ஸ் வியாபாரியைப் போலத்தான். ரோமானியர்களின் அறம் எங்கே நின்றுபோனது என்பதையும் சொல்லியாக வேண்டும். மகனுக்கு எழுதிய அதே நூலில், வருமானம் தரும் தொழில்களிலேயே உழவைவிட மேலானது எதுவும் இல்லை என்கிறார் சிசரோ. அதற்குச் சில வரிகள் முன்பு, கூலிக்கு உழைப்பவனின் பிழைப்பு இழிவானது, கூலியே அடிமைத்தனத்துக்கு அச்சாரம் என்கிறார். உழவு உயர்ந்தது, உழுகிற கூலிக்காரன் தாழ்ந்தவன். சிசிலியின் வயல்களில் ஏராளமான அடிமைகள் வேலை செய்தார்கள். அவர்களுக்காக அவர் வழக்காடவில்லை. அவருக்கு ஒரு நூற்றாண்டு பின்னால் வந்த செனகா, அடிமைகளும் மனிதர்களே, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு என்று தன் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள்.

நம் கதை இதிலிருந்து வேறானது இல்லை. ஆடவல்லான் மரக்கால் கோயிலுக்கு நெல் அளந்தது. பண்ணையாளுக்கு எந்த மரக்கால் அளந்தது? கூலி அளக்கும் களத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அளக்கிறவர் முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்லமாட்டார், 'லாபம்' என்பார், அது வழக்கம். ஆனால் வீட்டுக்கு அளக்கும்போது மரக்காலின் மேல் நெல் குவிந்து நிற்கும். கூலிக்கு அளக்கும்போது விளிம்போடு வழித்துவிடுவார்கள், கட்டைவிரல் உள்ளே இருக்கும். கட்டைவிரல் அடைத்த இடத்து நெல், சாயங்காலம் கஞ்சியில் ஒருவாய் குறைந்தது. பண்ணையாட்களுக்குக் கொடுத்த சாட்டையடி, சாணிப்பால் தண்டனைகளுக்கு எதிராக 1940களில் பொதுவுடைமை இயக்கத்தின் பி. சீனிவாசராவும் தோழர்களும் கீழத்தஞ்சையில் சங்கம் கட்டியபோது கூலியின் அளவும் அவர்கள் பேச்சில் இருந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கும் பிறகுதான், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் கேட்ட உயர்வு நெல்லாகப் படிக்கணக்கில் சொல்லக்கூடிய அளவு. நியாயக் கூலிச் சட்டம் 1969இல் வந்தது. அந்தப் பிணங்களுக்குப் பின்னால்தான் வந்தது.

ஆகவே கொள்முதல் நிலையத்தைப் பார்த்து விரல் நீட்டும் என் சக விவசாயிகளுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. நடவுக்கு வந்த பெண்களுக்கு அன்று சாயங்காலமே கூலி கொடுக்கிறோமா, "செட்டில்மெண்ட் வரட்டும்" என்கிறோமா? இப்போது பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து நம் வயலில் நாற்று நடுகிறார்கள். ஏஜெண்டிடம் பேசிய தொகையில் அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டதுண்டா? அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அளவு குறைந்தால் யாரிடம் சொல்வார்கள்? மூட்டையின் அடியில் ஈரநெல்லையும் கருக்காயையும் போட்டு மேலே காய்ந்த நெல்லைப் பரப்புகிறவர்கள் நம்மில் இல்லையா? வியாபாரியின் நெல்லை நம் சிட்டாவில் போட்டுக்கொடுத்து மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள் இல்லையா? எழுத்தர் கேட்கும் நாற்பது ரூபாயும் நாம் சிட்டாவுக்கு வாங்கும் ரூபாயும் ஒரே பையிலிருந்து வருகின்றன.

சிசரோ சொல்லும் இன்னொரு மனிதரைப் பற்றிச் சுருக்கமாக. சட்ட அறிஞர் ஸ்கேவோலா ஒரு நிலம் வாங்கப் போனார். கடைசி விலை என்ன என்று கேட்டார். விற்பவர் சொன்னார். "நிலம் அதைவிட அதிகம் பெறும்" என்று சொல்லி ஸ்கேவோலா மேற்கொண்டு ஒரு லட்சம் செஸ்டர்ஸ் சேர்த்துக் கொடுத்தார். நல்லவர் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், புத்திசாலி என்று யாரும் சொல்வதில்லை என்பது சிசரோவின் வருத்தம். நன்மையையும் புத்தியையும் அப்படிப் பிரித்ததுதான் கேடு என்கிறார். நம் ஊரிலும் "பொழைக்கத் தெரியாதவர்" என்று ஒருவரைச் சொல்கிறோமே, அவர் பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே யோக்கியமானவராக இருப்பார்.

நான் கேட்பது இவ்வளவுதான். கொள்முதல் நிலைய நண்பர்களே, ஈரமானியின் எண்ணை விவசாயி பார்க்கும்படி வையுங்கள், படித்த உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். சாக்கின் எடையைத் தவிர வேறு எதையும் மூட்டையில் சேர்க்காதீர்கள். உங்கள் சம்பளத்துக்கும், எடைக்குறைவை உங்கள் தலையில் கட்டும் விதியை மாற்றவும், நெல்லை மூடிவைக்கக் கூரைக்கும் நாம் சேர்ந்தே மனுக் கொடுப்போம். முதல் கையெழுத்து நான் போடுகிறேன். வியாபாரிகளே, நிலையம் திறக்கும் தேதி தெரிந்தால் சொல்லிவிட்டு விலை பேசுங்கள். அப்படியும் உங்களிடமே போடுகிறவர்கள் இருப்பார்கள், ஏனென்றால் ரொக்கமும் நம்பிக்கையும் வேண்டியவர்கள் எப்போதும் உண்டு. விவசாயிகளே, இந்தப் போகத்தில் கூலியைக் களத்திலேயே கொடுத்து முடியுங்கள், மூட்டைக்குப் பணம் கேட்டால் ஊரோடு சேர்ந்து மறுத்து நில்லுங்கள். ஒருவர் மட்டும் மறுத்தால் அவர் நெல்லுக்கு ஈரம் கூடிவிடும். ஊரே மறுத்தால் கூடாது.

சம்பா அறுப்பு தையில் தொடங்குகிறது. அதற்கு முன் இந்த மடலை உங்கள் நிலையத்திலும் டீக்கடையிலும் ஒருமுறை உரக்கப் படித்துப் பேசுங்கள். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
திருவையாறு வட்டத்து விவசாயி ஒருவன்